டாக்டருக்கும் நர்சுக்கும் நடுவுல எத்தன வேலை இருக்குதுன்னு நம்ம பசங்களுக்கு யாருங்க சொல்றது?

ஸ்கூல்ல போய் ஆஸ்பத்திரியில யாரெல்லாம் வேலை செய்யறாங்கன்னு கேட்டா டாக்டர், நர்ஸ்னு ரெண்டு பதில் டக்குனு வரும். அப்பறம் சித்த நேரம் சத்தமே இருக்காது. யாராச்சும் ஒரு தம்பி "ஆம்புலன்ஸ் ஓட்டறவங்க"ம்பான், அவ்வளவுதான். இத்தனைக்கும் அதே பசங்க வீட்ல அப்பத்தாவுக்கு மாசாமாசம் சுகர் டெஸ்ட் எடுத்துட்டுதான் இருப்பாங்க, அப்பாவ எக்ஸ்ரேவுக்கு, ஸ்கேனுக்குன்னு கூட்டிட்டு போயிருப்பாங்க, சொந்தத்துல யாருக்காச்சும் டயாலிசிஸ் ஓடிட்டு இருக்கும். அந்த மெஷின்கிட்ட நிக்கறவங்க யாரு, என்ன படிச்சிட்டு அங்க வந்தாங்கன்னு மட்டும் அவங்களுக்கு யாருமே சொன்னதில்ல.

நான் ஒரு மெடிக்கல் காலேஜ் மைக்ரோபயாலஜி லேப்ல வேலை செய்யறேனுங்க. லீவு கெடைக்கறப்ப கோபி, பெருந்துறை, காங்கேயம் பக்கம் கவர்ன்மெண்ட் ஸ்கூலுக்கு போய் ஒம்பதாவது, பத்தாவது பசங்ககிட்ட பேசிட்டு வர்றது வழக்கம். ஏன் ப்ளஸ் டூ இல்லாம பத்தாவதுன்னு நெறைய பேர் கேக்கறாங்க. பத்தாவது ரிசல்ட் வந்த கையோட குரூப் எடுத்தாகணும், அங்க பயாலஜி வேண்டாம்னு விட்டுட்டா நான் சொல்ற படிப்புல முக்காவாசிக்கு அப்பறம் கதவே தெறக்காது. அந்த முடிவ பல வீட்ல பக்கத்து வீட்டு அண்ணன் என்ன எடுத்தான்னு பாத்துதான் எடுக்கறாங்க, அது எனக்கு ரொம்ப வருத்தமா இருக்குது.

பயாலஜி எடுத்த புள்ளைங்க கதை வேற. டாக்டர்னு ஒரே ஒரு ஆசை, நீட் எழுதறது, 180 கேள்வி, 720 மார்க்கு, அதுல சீட்டு கெடைக்கலைன்னா எல்லாமே போச்சுன்னு ஒடஞ்சு போயிடறாங்க. கவர்ன்மெண்ட் ஸ்கூல் பசங்களுக்கு 2020-ல 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது பெரிய விஷயம், அதுல சேந்த புள்ளைங்கள எங்க காலேஜ்லயே பாக்கறேன், மனசு நெறயுது. ஆனா ஆசைப்பட்டவங்க எல்லாருக்கும் சீட்டு வராது இல்லைங்களா. வராதவங்களுக்கு லேப் டெக்னாலஜி இருக்குது, ரேடியாலஜி, டயாலிசிஸ், ஆபரேஷன் தியேட்டர்ல மயக்க மருந்து டாக்டருக்கு தொணையா நிக்கற படிப்பு, இதயத்துக்கு எக்கோ எடுக்கற படிப்பு, கண்ணுக்கு ஆப்டோமெட்ரி, காது கேக்காத, பேச்சு வராத கொழந்தைகளோட வேலை செய்யற படிப்பு, பிசியோதெரபி, பார்மசி, நர்சிங்னு எத்தனையோ இருக்குது. எதுக்கு எந்த மார்க்கு, என்ன பரிட்சைங்கறது மாறிட்டே இருக்கும், அதனால அந்தந்த வருஷ விண்ணப்ப புத்தகத்த பாத்துதான் முடிவு பண்ணணும்.

இதுவரைக்கும் சொன்னது வேலை. ஆனா பசங்க கண்ணு விரியறது ஆராய்ச்சி பத்தி பேசறப்பதான். ஆராய்ச்சின்னா அமெரிக்காவுல வெள்ள கோட்டு போட்டவங்க செய்யறதுன்னு நெனச்சுட்டு இருக்கற புள்ளைங்ககிட்ட நான் எப்பவுமே பெருந்துறை சானடோரியத்துல இருந்துதான் ஆரம்பிப்பேன். இப்ப ஈரோடு அரசு மருத்துவக் கல்லூரி இருக்குதில்ல, அந்த எடம்தான். நம்ம அப்புச்சி காலத்துல டிபி வந்தா வீட்ட விட்டு, புள்ளகுட்டிய விட்டு, மாசக்கணக்குல அங்க போய் படுக்கணும். நல்ல காத்து, நல்ல சாப்பாடு, ஓய்வு, இதுதான் வைத்தியம். வீட்ல இருந்தா மத்தவங்களுக்கும் ஒட்டிக்கும்னு பயம் வேற.

அப்பறம் மருந்து வந்துருச்சு. மருந்து இருக்கறப்ப சானடோரியம் எதுக்கு, வீட்லயே குடுத்தா என்னன்னு ஒரு கேள்வி. அந்த கேள்விக்கு உலகத்துக்கே பதில் சொன்னது நம்ம சென்னைங்க! 1956-ல அங்க ஒரு டிபி மருந்து ஆராய்ச்சி மையம் ஆரம்பிச்சாங்க, இன்னிக்கு சேத்துப்பட்டுல இருக்கற தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். நோயாளிகள்ல பாதி பேர வீட்லயே வச்சு, பாதி பேர சானடோரியத்துல வச்சு, ஒரே மருந்த ஒரு வருஷம் குடுத்து பாத்தாங்க. யார் எங்க போறதுன்னு டாக்டர் இஷ்டத்துக்கு விடல, குலுக்கல் போட்ட மாதிரிதான் பிரிச்சாங்க.

இந்த எடத்துல நிறுத்தி, ஏன் குலுக்கல்னு கேப்பேன். போன தடவ ஒம்பதாவது படிக்கற ஒரு அம்மிணி எந்திரிச்சு, "டாக்டர் பாவம் பாத்து ரொம்ப முடியாதவங்களையே சானடோரியத்துக்கு அனுப்பிருவாருங்க மிஸ், அப்பறம் அங்க நெறைய பேர் செத்தா சானடோரியம்தான் சரியில்லன்னு ஆயிடுமில்லைங்க"ன்னுச்சு. காலேஜ்ல நாங்க ஒரு பாடமா படிக்கற விஷயத்த அந்தப் புள்ள யாரும் சொல்லிக்குடுக்காம சொல்லிருச்சு. நான் கை தட்டிட்டேன், கூட இருந்த டீச்சரும்தான்.

1959-ல முடிவு வெளிய வந்துச்சு. சின்ன வீடு, அரை வயித்து சாப்பாடுன்னு இருந்தவங்களும் சானடோரியத்துல இருந்தவங்களும் கிட்டத்தட்ட ஒரே அளவுக்கு தேறுனாங்க, வீட்ல இருந்த மத்தவங்களுக்கும் அதனால அதிகமா நோய் வரல. அதுக்கப்பறம் ஒவ்வொரு நாட்டுலயும் சானடோரியம் மூட ஆரம்பிச்சுது. அந்த ஆராய்ச்சிய டாக்டருங்க மட்டும் செஞ்சிருக்க முடியாதுங்க. சொல்லாம கொள்ளாம வீட்டுக்கு போய் மாத்திரைய எண்ணிப் பாக்கவும், சிறுநீர் வாங்கி டெஸ்ட் பண்ணி மருந்து உள்ள போச்சான்னு பாக்கவும் ஆள் வேணும். சளியில இருக்கற கிருமிய லேப்ல வளத்துப் பாக்கறதுக்கு, வந்த நம்பரெல்லாம் கணக்கு போடறதுக்கு ஆள் வேணும். கணக்கு போடறது பயோஸ்டேட்டிஸ்டிக்ஸ், மேத்ஸ் குரூப் பசங்களும் புள்ளியியல் படிச்சு அதுக்கு வரலாம். இத சொன்னதும் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கப் போறேன்னு இருந்த பையனெல்லாம் நிமிந்து உக்காருவான்.

அந்த கிருமிய எப்படி வளக்கறதுன்னு காட்டறதுக்கு நான் ஒரு சின்ன பாட்டில் கொண்டு போவேன். கிருமி எதுவும் போடாத, சுத்தமான பாட்டில்தான், பயப்பட வேண்டாம். உள்ள சாய்வா, வெளிர் பச்சையா, கெட்டியா ஒரு பொருள் ஒறஞ்சு இருக்கும். கைக்கு கை மாறி போகும், மோந்து பாக்கணும்னு மூடிய தெறக்கப் பாப்பாங்க. இது என்னன்னு நெனைக்கறீங்கன்னு கேட்டா பெயிண்ட், சோப்பு, மருதாணின்னு வரும். முட்டைங்க! கோழி முட்டைய ஒடச்சு, உப்புங்க, கிளிசரின், பச்சை சாயம் கலந்து, பாட்டில்ல ஊத்தி சாச்சு வச்சு சூடு பண்ணுனா இப்படி ஒறஞ்சுக்கும். டிபி கிருமி இதுமேல வளரும், ஆனா ரொம்ப மெதுவா. வேகமா வளர்ற சில கிருமி 20 நிமிஷத்துல ரெண்டாகறப்ப இது ரெண்டாக கிட்டத்தட்ட ஒரு நாள் எடுத்துக்கும், அதனால எட்டு வாரம் வரைக்கும் காத்திருந்துதான் இல்லன்னே சொல்லுவோம்.

அந்த முட்டைக்கு ஒரு கண்டிஷன் இருக்குது. ஆன்டிபயாடிக் சாப்பிடாத கோழி போட்டதா இருக்கணும், இல்லன்னா முட்டைக்குள்ள இருக்கற மருந்தே கிருமிய வளர விடாது. இத சொன்னப்ப நாமக்கல் பக்கம் மாமா கோழிப்பண்ணை வச்சிருக்கற ஒரு பையன், "கோழிக்கு போடற மருந்து முட்டைக்குள்ள வருமுங்களா, அப்ப சாப்பிடற நமக்கு?"ன்னான். அங்கிருந்து கொலிஸ்டினுக்கு போனோம். வேற எந்த ஆன்டிபயாடிக்கும் கேக்காத நோயாளிக்கு கடைசியா குடுக்கற மருந்து அது, கோழி சீக்கிரம் எடை போடறதுக்குன்னு தீவனத்துலயும் போயிட்டு இருந்துச்சு, 2019-ல உணவுக்கு வளக்கற விலங்குகளுக்கு அத குடுக்கக்கூடாதுன்னு நம்ம நாட்டுல தடை பண்ணிட்டாங்க. அப்படி ஒரு முடிவு வரணும்னா பண்ணை, லேப், ஆஸ்பத்திரி மூணு எடத்துலயும் யாராச்சும் உக்காந்து எண்ணிப் பாத்துருக்கணும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி அவன் மாமா ஊருக்கு பக்கத்துலயே இருக்குது, அங்கயும் இந்த மாதிரி படிப்புக்கு எடம் உண்டுன்னு அவனுக்கு அன்னிக்குதான் தெரிஞ்சுது.

இன்னொண்ணு மில்லு. நம்ம பக்கம் வகுப்புல பாதி பேர் வீட்ல யாராச்சும் ஸ்பின்னிங் மில்லுலயோ பனியன் கம்பெனிலயோ இருப்பாங்க. ஞாயித்துக்கெழம லீவு முடிஞ்சு திங்கக்கெழம ஷிப்டுக்கு போனா நெஞ்சு இறுக்கற மாதிரி இருக்குதுன்னு மில்லுக்கு போறவங்க சிலர் சொல்லி கேட்டுருப்பீங்க. பஞ்சு தூசியால வர்ற நோய்க்கு அதுதான் ஆரம்ப அடையாளம், பிசினோசிஸ்னு பேரு, கார்டிங், புளோ ரூம் மாதிரி தூசி அதிகமா பறக்கற எடத்துல அதிகம். மூச்சு எவ்வளவு வேகமா வெளிய வருதுன்னு அளக்க பீக் ஃப்ளோ மீட்டர்னு ஒரு பிளாஸ்டிக் குழாய் இருக்குது, மூச்ச நல்லா இழுத்து ஒரே மூச்சா வேகமா ஊதணும், மூணு தடவ ஊதி எது அதிகமோ அத எழுதிக்கணும். ஆளுக்கு ஒரு அட்டை மவுத்பீஸ் மாத்தி குடுத்துருவேன், கிளாஸே வரிசையில நிக்கும். அப்பறம் கேள்விய அவங்ககிட்டயே விட்டுருவேன். மில்லுக்கு போறவங்களுக்கு மூச்சு கம்மியாகுதான்னு எப்படி கண்டுபுடிப்பீங்க?

ஷிப்டுக்கு முன்னால ஒருக்கா, முடிஞ்சப்பறம் ஒருக்கா ஊத சொல்லலாம்பாங்க. எந்த டிபார்ட்மெண்ட், எத்தன வருஷம்னு கேக்கணும்பாங்க. அப்பறம் ஒரு புள்ள, "எங்கம்மா வெறகு அடுப்புல சமைக்கறாங்க மிஸ், பொகையாலயும் இருக்கலாமில்ல"ன்னு சொல்லும். இன்னொரு பையன் பீடி குடிக்கறவங்கள தனியா பிரிக்கணும்பான். அவங்களுக்கு இஷ்டம் இல்லன்னா ஊத சொல்லக்கூடாது, யாரு எவ்வளவு ஊதுனாங்கன்னு ஊர் முழுக்க சொல்லக்கூடாது, வேலைக்கு ஆபத்து வந்துரும்னு நான் சொல்றதுக்கு முன்னாலயே அவங்க சொல்லிடறாங்க, ஏன்னா அது அவங்க அம்மா.

பெத்தவங்ககிட்டயும் பேசணுமுங்க, அது பசங்ககிட்ட பேசறத விட கஷ்டம். "ஏனுங்க மேடம், சம்பளம் எவ்வளவுங்க"ன்னுதான் முதல்ல கேப்பாங்க, கேக்கறதுல தப்பே இல்ல. தனியார் லேப்ல ஆரம்பத்துல சம்பளம் கம்மிதான்னு மறைக்காம சொல்லிடுவேன், அனுபவமும் மேல்படிப்பும் சேந்தாதான் ஏறும், ஆராய்ச்சின்னா பி.எச்டி. வரைக்கும் பொறுமை வேணும். செலவுக்கு, கவர்ன்மெண்ட் ஸ்கூல்ல ஆறாவதுல இருந்து ப்ளஸ் டூ வரைக்கும் படிச்ச பொம்பளப் புள்ளைங்களுக்கு புதுமைப் பெண் திட்டத்துல 2022-ல இருந்து மாசம் 1000 ரூபா வருது, பசங்களுக்கு 2024-ல தமிழ்ப் புதல்வன்னு அதே மாதிரி கோயமுத்தூர்ல வச்சுதான் ஆரம்பிச்சாங்க.

ஒண்ணு மட்டும் கோவமாவே சொல்றேன். பஸ் ஸ்டாண்டு மாடியில ரெண்டு ரூம் எடுத்து, ஆறு மாசத்துல லேப் டெக்னீஷியன், வேலை கேரண்டின்னு போர்டு வச்சிருப்பாங்க பாருங்க, அங்க போய் காச கொட்டிட்டு ஊசி குத்தி ரத்தம் எடுக்கக்கூட தெரியாம எங்ககிட்ட வேலை கேட்டு வர்ற புள்ளைங்கள பாத்தா வயிறு எரியுது. சேர்றதுக்கு முன்னால எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழக அங்கீகாரம் இருக்குதா, நர்சிங், பார்மசின்னா கவுன்சில் லிஸ்ட்ல பேர் இருக்குதான்னு கண்டிப்பா பாருங்க. லேப், ரேடியாலஜி மாதிரி படிப்புக்கெல்லாம் சேத்து 2021-லதான் ஒரு மத்திய சட்டமே வந்துச்சு, அதனால பழைய கொளறுபடி இன்னும் அங்கங்க இருக்குது.

ஆஸ்பத்திரியில, லேப்ல, மருந்து கம்பெனியில வேலை செய்யற நம்ம ஊர்க்காரங்க இத படிச்சீங்கன்னா, நீங்க படிச்ச ஸ்கூலுக்கு ஒருக்கா போய்ட்டு வாங்க. அரைப்பரிட்சைக்கு முன்னால போனா நல்லது, அதுக்கப்பறம் பத்தாவது பசங்கள எச்.எம். வெளிய விடமாட்டாங்க. பவர்பாயிண்ட் வேண்டாம், கையில புடிச்சு பாக்கற மாதிரி ஏதாச்சும் ஒண்ணு கொண்டு போங்க, பழைய எக்ஸ்ரே, சாயம் போட்ட ஸ்லைடு, டயாலிசிஸ் ஃபில்டர்ல புதுசு ஒண்ணு, எதுனாலும் சரி. பசங்களுக்கு ஊசி குத்தி ரத்தம் எடுத்து காட்டறேன்னு மட்டும் கெளம்பிடாதீங்க, நோயாளி பேர் இருக்கற எதையும் எடுத்துட்டு போகாதீங்க. கோபி, பெருந்துறை பக்கம்னா நானும் கூட வரேன், எங்களுக்கு டூட்டி லிஸ்ட் வெள்ளிக்கெழம சாயங்காலம் போடுவாங்க, அதுக்கு முன்னால சொல்லிட்டீங்கன்னா லீவு கேட்டு வாங்கிக்கறேன்.