பெத்திகொதியாக் ஆற்றங்கரையிலிருந்து: தியெப் நாட்குறிப்பு

ஆகஸ்ட் 3, 2024, சனி

கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் இருக்கிறது எங்கள் தியெப். சனிக்கிழமை காலையில் இங்கே யாரையாவது பார்க்க வேண்டுமென்றால் சந்தைக்குப் போனால் போதும். இன்று பீன்ஸும் பீட்ரூட்டும் வாங்கிய பிறகு பக்கத்து வீட்டு அம்மாவோடு உட்கார்ந்து புத்தீன் ராப்பே சாப்பிட்டேன். பக்கத்து கெபெக் மாகாணத்தில் புத்தீன் என்ற பெயரில் கிடைக்கும் சீஸ் போட்ட உருளைக்கிழங்கு வறுவல் வேறு. இது இந்தப் பக்கத்து அக்காதியர்களின், அதாவது பல தலைமுறைக்கு முன் பிரான்ஸிலிருந்து இங்கே குடியேறியவர்களின் வழிவந்த பிரெஞ்சு பேசும் மக்களின் பண்டம். உருளைக்கிழங்கில் ஒரு பங்கைப் பச்சையாகத் துருவித் துணியில் கட்டிப் பிழிகிறார்கள், இன்னொரு பங்கை வேகவைத்து மசிக்கிறார்கள். இரண்டையும் பிசைந்து, உள்ளே உப்பிட்ட பன்றி இறைச்சியை வைத்து உருட்டி, மணிக்கணக்கில் கொதிக்கவிடுகிறார்கள். சாம்பல் நிறத்தில், கை நிறையும் அளவுக்கு, கொழுக்கட்டை மாதிரி வழவழவென்று வருகிறது.

“பிழிவதில்தான் எல்லாம் இருக்கிறது. தண்ணீர் தங்கினால் உருண்டை உடைந்துவிடும்” என்றார் அம்மா. அவர் பழுப்புச் சர்க்கரை தூவிக்கொண்டார். அவர் கணவருக்கு உப்பும் மிளகும்தான் வேண்டும். நாற்பது வருடமாக இதில் இருவருக்கும் ஒத்துப்போகவில்லையாம்.

ஆகஸ்ட் 7, புதன்

எங்கள் தெருக்கோடியில் இன்னொரு அடுக்குமாடி எழும்புகிறது. 2006 கணக்கெடுப்பில் இந்த ஊரின் மக்கள்தொகை 18,565. 2021-இல் 28,114. முதலில் நியூ பிரன்ஸ்விக்கின் வடக்குப் பகுதியிலிருந்து பிரெஞ்சு பேசும் குடும்பங்கள் வேலை தேடி வந்தன. அப்புறம் கேமரூன், காங்கோ, மொராக்கோ என்று தூரத்து ஊர்க்காரர்கள். புதுச்சேரியில் படித்த பிரெஞ்சோடு நாங்களும் வந்து சேர்ந்தோம்.

ஊர் வளர்வது சந்தோஷம்தான். ஆனால் பக்கத்திலேயே மாங்டன் நகரம் இருக்கிறது; தெருவைத் தாண்டினால் ஆங்கிலம். தியெப்பிலேயே கடைப் பலகைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருந்த காலம் உண்டு. மக்கள் கையெழுத்துத் திரட்டிக் கேட்ட பிறகு, 2010-இல் புதிய வெளிப்பலகைகளில் பிரெஞ்சு, ஆங்கிலம் இரண்டு மொழியும் இருக்க வேண்டுமென்று நகரசபை விதி கொண்டுவந்தது. பலகையில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. கடைக்குள் நுழையும் குழந்தை எந்த மொழியில் முதல் வார்த்தை பேசலாம் என்பதை அந்தப் பலகைதான் சொல்கிறது என்பேன்.

ஆகஸ்ட் 15, வியாழன்

அக்காதியர்களின் தேசியத் திருநாள். காது இன்னும் கிய்யென்கிறது!

தாந்தமார் என்றால் கையில் கிடைத்ததைத் தட்டிக்கொண்டு ஊர்வலம் போவது. சட்டி, வாளி, விசில், சைக்கிள் மணி எல்லாம் உண்டு. எங்களுக்கு முன்னால் போன ஐந்து வயதுப் பையன் குக்கர் மூடியைக் கரண்டியால் அடித்த அடியில் கரண்டிக் காம்பே வளைந்துவிட்டது. அவன் குடும்பம் கின்ஷாசாவிலிருந்து போன வருடம் வந்தது. கன்னத்தில் அக்காதியர் கொடி: நீலம், வெள்ளை, சிவப்பு, அதில் மஞ்சள் நட்சத்திரம்.

1755-இல் தொடங்கி ஆங்கிலேயர்கள் ஆயிரக்கணக்கான அக்காதியர்களைப் பிடித்துக் கப்பலேற்றினார்கள். வீடுகளைக் கொளுத்தினார்கள். தப்பியவர்களும் திரும்பி வந்தவர்களும் மெல்ல மெல்ல ஊர்களைக் கட்டினார்கள். 1881-இல் பக்கத்து மெம்ராம்குக்கில் கூடி இந்த நாளைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தக் கொடி வந்தது 1884-இல். நாடு கடத்தப்பட்டு இருநூறு ஆண்டு ஆனதை 1955-இல் நினைவுகூர்ந்தபோதுதான் இந்தச் சத்தம் போடும் வழக்கம் இன்றைய வடிவுக்கு வந்தது. இன்னும் இங்கேதான் இருக்கிறோம் என்று உரக்கச் சொல்வது. எங்கள் தெருக்காரர்கள் சிலர் உலக அக்காதியர் மாநாட்டுக்காக நோவா ஸ்கோஷியா போயிருக்கிறார்கள். அப்படியும் இங்கே கூட்டத்துக்குக் குறைவில்லை.

ஆகஸ்ட் 19, திங்கள்

1942-இல் இதே நாளில் பிரான்ஸின் தியெப் துறைமுகத்தில் நடந்த தாக்குதலில் தொள்ளாயிரத்துக்கும் அதிகமான கனடா வீரர்கள் இறந்தார்கள். அவர்கள் நினைவாகத்தான் 1946-இல் இந்த ஊர் தியெப் ஆனது. அதுவரை லெஜே கார்னர்.

ஆகஸ்ட் 21, புதன்

பௌர்ணமிக்கு அடுத்த நாட்களில் கடல் ஓதம் பெரிதாக ஏறி வரும் என்பதால் நேர அட்டவணையைப் பார்த்து, வேலையில் ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனேன். ஃபண்டி விரிகுடாவின் ஓதம் ஆற்று வாய்க்குள் நெருக்கியடித்து ஏறும்போது ஒரே அலையாகத் திரண்டு மேல்நோக்கி வருகிறது. ஒரு நாளைக்கு இரண்டு முறை. ஆறு முழுக்கப் பழுப்புச் சேறு. முதலில் இரைச்சல் கேட்டது, பிறகு கரையிலிருந்து கரைவரை ஒரு கோடு. அது தாண்டிப் போனதும் மிதந்து வந்த மரக்கட்டை சட்டென்று திரும்பி, வந்த வழியே போனது.

1968-இல் மாங்டனுக்கும் எதிர்க்கரை ஊரான ரிவர்வியூவுக்கும் நடுவே மதகு வைத்த தடுப்புப் பாலம் கட்டியதும் ஆறு தூர்ந்து குறுகியது, மீன் மேலேற வழியில்லாமல் போயிற்று, அலையும் சிறுத்துவிட்டது. பல வருடப் போராட்டத்துக்குப் பிறகு 2010 ஏப்ரலில் மதகுகளைத் திறந்தார்கள். 2021-இல் தடுப்பு இருந்த இடத்தில் புதுப் பாலம் வந்தது. 2013-லேயே இரண்டு பேர் இந்த அலையில் 29 கிலோமீட்டர் சறுக்கிப் போனார்கள்! ஓர் ஆற்றை அடைத்தவர்களே திறந்தும் விடலாம் என்று என் பிள்ளைகள் கண்ணால் பார்த்து வளர்கிறார்கள். இதில் எனக்கு ரொம்பப் பெருமை.

செப்டம்பர் 3, செவ்வாய்

பள்ளி திறந்தாயிற்று. மகள் வகுப்பில் பாதிப் பேர் வேறெங்கோ பிறந்தவர்கள். மாலையில் அவளும் தோழியும் ஷியாக் என்கிற இந்தப் பக்கத்துக் கலப்புப் பேச்சில் பேசிக்கொண்டு வந்தார்கள். பிரெஞ்சு வாக்கியத்துக்குள் ஆங்கில வினைச்சொல்லைப் போட்டு, அதற்குப் பிரெஞ்சு விகுதியும் சேர்த்துவிடுவார்கள். இதைத் திருத்த வேண்டும் என்கிற பெற்றோர் உண்டு. நான் திருத்தமாட்டேன். அந்தப் பிள்ளைகள் விளையாடுவது, சண்டை போடுவது, ரகசியம் பேசுவது எல்லாம் அதில்தான் நடக்கிறது. அதை வெட்கப்பட வைத்தால் அவர்கள் முழுக்க ஆங்கிலத்துக்குப் போய்விடுவார்கள்.

பெரியவர்களுக்குத்தான் பேசிப் பழக இடம் வேண்டும். அதனால் பக்கத்து வீட்டு அம்மாவும் நானும், இன்னும் சிலரும் சேர்ந்து, புதிதாக வந்தவர்களோடு பிரெஞ்சு பேச வாரம் ஒரு மாலை கூடுவதாக இருக்கிறோம். அடுத்த செவ்வாய் தொடக்கம். காப்பி என் பொறுப்பு.