பொதுக்குழுக் கூட்டமும் பதினைந்து நாள் அறிவிப்பும்

எடப்பாடி பழனிசாமி அ.தி.மு.க.வின் பொதுச்செயலாளர் ஆனது நீதிமன்றத்தால்தான் என்று சேலத்தில் பலர் பேசக் கேட்டிருக்கிறேன். அவருடைய கட்சிக்காரர்கள் இதைப் பெருமையாகவும் மற்றவர்கள் குறையாகவும் சொல்கிறார்கள். இரண்டுமே சரியல்ல என்பது என் எண்ணம். ஒரு கட்சிக்கோ சங்கத்துக்கோ யார் தலைவராக இருக்க வேண்டும் என்று முடிவு செய்வது நீதிமன்றத்தின் வேலையல்ல. தலைவரைத் தேர்ந்தெடுத்த கூட்டம் அந்த அமைப்பின் சொந்த விதிப்படி கூட்டப்பட்டதா என்பதை மட்டுமே அது பார்க்கிறது. அதையும் பெரும்பாலும் இடைக்கால மனு, அதாவது அசல் வழக்கு முடியும்வரை தடை போன்றவற்றைக் கேட்கும் மனு, அளவிலேயே பார்த்து நிறுத்திக்கொள்கிறது.

இதற்கான அடிப்படை பழையது. ஃப்ரீமேசன் என்ற சகோதரத்துவச் சங்கத்தின் கிளை ஒன்றிலிருந்து நீக்கப்பட்ட டாவர் என்பவர் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 1962-இலேயே எல்லையை வகுத்துவிட்டது. சங்கத்தின் விதிகள் உறுப்பினர்களுக்கு இடையேயான ஒப்பந்தம் போன்றவை. நீக்கிய முடிவு சரியா என்று மேல்முறையீடு போல ஆராய நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை. ஆனால் விதிகள் பின்பற்றப்பட்டனவா, நல்லெண்ணத்துடன் நடந்துகொண்டார்களா, நீக்கப்பட்டவருக்குப் பதில் சொல்ல வாய்ப்புத் தரப்பட்டதா என்று கேட்கலாம். கட்சிகளின் வழக்குகளிலும் கேள்விகள் இவைதாம்.

2022-இல் நடந்தவற்றை வரிசையாகப் பார்த்தால் இது விளங்கும். ஜூன் 23 அன்று கூடிய பொதுக்குழுவிலேயே அடுத்த கூட்டம் ஜூலை 11 என்று அறிவிக்கப்பட்டது. அந்த இரண்டாவது கூட்டத்தில் பழனிசாமி இடைக்காலப் பொதுச்செயலாளராகத் தேர்வானார்; ஓ. பன்னீர்செல்வம் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். கூட்டத்தை ஒருங்கிணைப்பாளரான பன்னீர்செல்வமும் இணை ஒருங்கிணைப்பாளரான பழனிசாமியும் சேர்ந்துதான் கூட்ட வேண்டும், பதினைந்து நாள் முன்னறிவிப்பும் தர வேண்டும், இரண்டுமே நடக்கவில்லை என்பது பன்னீர்செல்வம் தரப்பின் வாதம். உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி ஆகஸ்ட் 17 அன்று இதை ஏற்று, ஜூன் 23 அன்று இருந்த நிலையே நீடிக்க வேண்டும் என்று ஆணையிட்டார். இரு நீதிபதிகள் அமர்வு செப்டம்பர் 2 அன்று அதை ரத்து செய்தது. இருவரும் சேர்ந்து கூட்டும் நிலையே இல்லாதபோது அந்த விதியைப் பிடித்துக்கொண்டால் கட்சி முடங்கிப்போகும் என்பதும், 2,665 பொதுக்குழு உறுப்பினர்களில் 2,190 பேர் கூட்டம் வேண்டும் என்று கையெழுத்திட்டிருந்ததும் அமர்வின் கணக்கில் பெரிதாக நின்றன. ஒரே விதிப் புத்தகத்தைத் தனி நீதிபதி எழுத்தாகப் படித்தார், அமர்வு நடைமுறையாகப் படித்தது. என்னைக் கேட்டால், தனி நீதிபதியின் வாசிப்பே விதிக்கு நெருக்கமானது. அமர்வின் வாசிப்பு கட்சி நடக்கும் விதத்துக்கு நெருக்கமானது.

உச்ச நீதிமன்றம் 2023 பிப்ரவரி 23 அன்று அமர்வின் ஆணையை உறுதிசெய்தது. ஆனால் பலரும் கவனிக்காத ஒன்று: கூட்டத்தில் நிறைவேறிய தீர்மானங்கள் செல்லுமா என்ற கேள்விக்குள் அது செல்லவில்லை, நிலுவையிலிருந்த உரிமையியல் வழக்குகளுக்கே அதை விட்டுவிட்டது. தீர்மானங்களுக்கும் பொதுச்செயலாளர் தேர்தலுக்கும் தடை கேட்ட மனுக்கள் மார்ச் 28 அன்று உயர் நீதிமன்றத்தில் தள்ளுபடியாயின; அன்றே பழனிசாமி பொதுச்செயலாளராக அறிவிக்கப்பட்டார். முகாந்திரம் இருக்கிறதா, தடை தந்தால் யாருக்குச் சிரமம் அதிகம், தராவிட்டால் ஈடுசெய்ய முடியாத இழப்பு வருமா என்ற மூன்று கேள்விகளை வைத்து முடிவாகும் இடைக்கால மனுதான் நடைமுறையில் தீர்ப்பாகிவிடுகிறது. அசல் வழக்கில் சாட்சி விசாரணை முடிந்து தீர்ப்பு வருவதற்குள் தேர்தல்கள் வந்துபோய்விடும். கட்சி வழக்குகளில் எனக்குப் பெரிய குறையாகத் தெரிவது இதுதான்.

கட்சி பிளவுபட்டால் தேர்தல் சின்னம் யாருக்கு என்பது வேறு கதை. 1968-ஆம் ஆண்டுச் சின்னங்கள் ஆணையின் 15-ஆவது பத்தி அதை முதலில் தேர்தல் ஆணையத்திடம் கொண்டுபோகிறது. காங்கிரஸ் பிளவையொட்டிய சாதிக் அலி வழக்கில், எந்த அணியிடம் பெரும்பான்மை என்று பார்க்கும் முறையை உச்ச நீதிமன்றம் 1971-இல் ஏற்றுக்கொண்டது. இரட்டை இலை முடக்கப்பட்டதால் 1989 தேர்தலில் ஜெயலலிதா அணி சேவலிலும் ஜானகி அணி இரட்டைப் புறாவிலும் நின்றன. 2017-இல் மறுபடி முடங்கி, அவ்வாண்டு நவம்பரில் திரும்பி வந்தது. நம் ஊருக்கு இதெல்லாம் புதிதல்ல. 1944-இல் சேலம் மாநாட்டில் நீதிக்கட்சி திராவிடர் கழகமானபோது, அதை ஏற்காதவர்கள் பழைய பெயரிலேயே கட்சியைத் தொடர்ந்து, 1952 தேர்தலிலும் நின்றார்கள். அன்று சின்னங்கள் ஆணை ஏது!

சிறிய சங்கங்களில் சண்டை இன்னும் எளிய வடிவம் எடுக்கிறது. செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வணிகர் சங்கம் இரண்டாகப் பிரிகிறது என்று வைத்துக்கொள்வோம். இரு அணிகளும் தனித்தனியாகப் பொதுக்குழு கூட்டி, தனித்தனி மினிட்ஸ் புத்தகம் எழுதி, புதிய நிர்வாகிகள் பட்டியலைப் படிவம் 7-இல் மாவட்டப் பதிவாளரிடம் கொடுக்கும். 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் 36-ஆவது பிரிவின்படி அவர் விசாரணை நடத்தலாம். மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் கேட்டாலே போதும். ஆனால் எந்தத் தேர்தல் செல்லும் என்ற தாவாவைத் தீர்க்கும் இடம் அதுவன்று. அதற்கு அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் உரிமையியல் வழக்குத்தான் போட வேண்டும். அங்கே ஒரு வக்கீல் முதலில் கேட்கப்போவது சங்கத்தின் விதிகளான பைலாவையும், கூட்ட அறிவிப்பு அனுப்பிய தபால் ரசீதையும்.

கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கமாக இருந்தால் இந்த வழி கிடையாது. நிர்வாகக் குழுத் தேர்தல் தாவா 1983-ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 90-ஆவது பிரிவில் அந்தச் சட்டப்படியான பதிவாளரிடம் போக வேண்டியது. அது தெரியாமல் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போடுகிறவர், தன் தரப்பு நியாயத்தைச் சொல்லத் தொடங்கும் முன்பே, இந்த வழக்கு இங்கே நிற்குமா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.