கையில் 2 லட்சம் இருந்தால் ஒன்றரை லட்சத்துக்குக் கார் தேடுங்கள்

பழைய கார் வாங்கப் போகிறவர் கையில் 2 லட்சம் ரூபாய் இருந்தால், 2 லட்சத்துக்கு வண்டி பார்க்கக் கூடாது. ஒன்றரை லட்சத்துக்குத்தான் பார்க்க வேண்டும். மிச்சமிருக்கும் 50 ஆயிரத்தில் பெரும்பகுதி, வண்டி வாசலுக்கு வந்த முதல் மாதத்திலேயே போய்விடும். டயர், பேட்டரி, டைமிங் பெல்ட் (இன்ஜின் வால்வுகளை நேரம் தவறாமல் இயக்கும் பட்டை), ஆயில், இன்சூரன்ஸ், பெயர் மாற்றம் என்று வரிசையாக வரும். இந்தப் பணத்தைத் தனியே எடுத்து வைக்காதவர்கள்தான் வழுக்கை டயரோடு ஒரு மழைக்காலத்தை ஓட்டுகிறார்கள், பெல்ட் அறுந்து பைபாஸில் நிற்கிறார்கள்.

இந்தத் தொகைக்கு எந்த வண்டி என்றால், தமிழ்நாட்டில் எந்தச் சின்ன ஊரிலும் உதிரி பாகம் கிடைக்கிற சிறிய பெட்ரோல் கார். ஆல்டோ, ஆல்டோ 800, வேகன்ஆர், சான்ட்ரோ, ஐ10. ஆல்டோவின் 796 சிசி இன்ஜின் மாருதி 800 வழியில் வந்தது. அதைப் பிரித்துப் பூட்டத் தெரியாத மெக்கானிக் இங்கே அபூர்வம். நெடுஞ்சாலையில் அடிக்கடி போவதாக இருந்தால் 998 சிசி இன்ஜின் உள்ள ஆல்டோ கே10, அல்லது 2010-க்குப் பிந்தைய வேகன்ஆர் நல்லது. இரண்டிலும் ஒரே கே10 இன்ஜின், அதில் பெல்ட்டுக்குப் பதில் டைமிங் செயின். பழைய ஆல்டோ, 2010-க்கு முந்தைய வேகன்ஆர், சான்ட்ரோ, 1.1 லிட்டர் ஐ10 எல்லாம் பெல்ட் வண்டிகள். சான்ட்ரோவில் பெல்ட் ஓட்டத்தில் அறுந்தால் வால்வு வளைந்துவிடும். இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றிச் செய்கிற வேலை. ஆகவே பெல்ட் எப்போது மாற்றியது என்பதற்கு பில் இல்லையென்றால், மாற்றவே இல்லை என்று வைத்துக் கணக்குப் போடுங்கள்.

இந்தப் பட்ஜெட்டில் டீசல் வேண்டாம் என்பேன். இன்ஜெக்டர், டர்போ, கிளட்ச் மூன்றில் ஒன்று போனாலும் வண்டி விலையில் கால்வாசியைக் கேட்கும். தினமும் நூறு கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு மட்டும்தான் அந்தக் கணக்கு ஒத்துவரும். விற்பனையை நிறுத்திவிட்டுப் போன கம்பெனிகளின் கார்களிலும் இதே கவனம் தேவை. ஷெவர்லே 2017-லும், ஃபோர்டு 2021-லும், டட்சன் 2022-லும் நிறுத்தின. அவற்றின் விலை ஆசை காட்டும். ஆயில் ஃபில்டரும் பிரேக் பேடும் கிடைத்துவிடும். ஒரு ஹெட்லைட்டோ கதவுக் கண்ணாடியோ உடைந்தால்தான் அலைச்சல் புரியும்.

வண்டி பார்க்கக் காலை ஏழு மணிக்குப் போங்கள். இன்ஜின் இரவு முழுக்க ஆறியிருக்க வேண்டும். "நான் வந்த பிறகு ஸ்டார்ட் பண்ணுங்க" என்று முந்தைய நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானட் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால், எதையோ மறைக்க முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கலாம். மறுநாள் வருவதாகச் சொல்லிக் கிளம்பலாம்.

ஆறிய நிலையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள் (சூடான இன்ஜினில் ஒருபோதும் திறக்காதீர்கள், கொதிநீர் முகத்தில் அடிக்கும்). உள்ளே நிறம் போட்ட தெளிவான கூலன்ட் இருக்க வேண்டும். செம்மண் கரைத்தது போலிருந்தால் வருடக்கணக்கில் வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். நம் ஊர் போர்த் தண்ணீர் உப்பு ரேடியேட்டர் குழாய்களுக்குள் படிந்து அடைத்துவிடும். மே மாத வெயிலில், ஏசி போட்டு டிராஃபிக்கில் நிற்கும்போது வண்டி கொதிப்பது இதனால்தான். தண்ணீர் மேல் எண்ணெய்ப் படலம் மிதந்தால் ஹெட்டுக்கு அடியில் கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். அடுத்து ஆயில் ஊற்றும் மூடியைத் திருப்பிப் பாருங்கள். உட்புறம் காபி நுரை போல் வெளிர்ந்த பிசின் திட்டாக ஒட்டியிருந்தால் ஆயிலில் தண்ணீர் கலக்கிறது.

இப்போது ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு நீங்கள் சைலன்சர் பக்கம் நில்லுங்கள். முதல் நொடியில் மட்டும் ஒரு கொத்து நீலப்புகை வந்து நின்றுவிட்டால் வால்வு சீல் தேய்ந்திருக்கிறது. அது தாங்கக்கூடிய செலவு. ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதெல்லாம் நீலமாக வந்தால் பிஸ்டன் ரிங், சிலிண்டர் போர் தேய்ந்து இன்ஜினையே பிரிக்க வேண்டிய வேலை. அந்த வண்டியை விட்டுவிடுங்கள். காலைக் குளிரில் வரும் வெள்ளை ஆவி சற்று நேரத்தில் மறைந்தால் கவலையில்லை. இன்ஜின் சூடான பிறகும் அடர்த்தியாக வந்துகொண்டே இருந்தால் கூலன்ட் எரிகிறது. இன்ஜின் ஓடும்போதே டிப் ஸ்டிக்கை உருவி, ஆயில் மூடியையும் தளர்த்திப் பாருங்கள். புஸ் புஸ்ஸென்று காற்றும் புகையும் தள்ளினால் மெக்கானிக்குகள் "பேக் கம்ப்ரஷன்" என்பார்கள். இன்ஜின் ஆயுள் முடிகிற அடையாளம் அது.

ஸ்டார்ட் செய்யாமல் சாவியை "ஆன்" கட்டத்துக்குத் திருப்பும்போது செக் இன்ஜின் விளக்கு எரிய வேண்டும், ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். அணையாவிட்டால் கோளாறு. எரியவே இல்லையென்றால் இன்னும் மோசம், ஏனென்றால் பல்பையே பிடுங்கியிருக்க வாய்ப்புண்டு. ஏர்பேக் உள்ள வண்டியில் அதன் விளக்கையும் இதே போல் பாருங்கள். பிறகு வண்டியைப் பதினைந்து இருபது நிமிடம் நின்ற இடத்திலேயே ஓட விடுங்கள். ரேடியேட்டர் ஃபேன் தானாக ஓடி, தானாக நிற்க வேண்டும். ஏசி போட்டதும் கம்ப்ரஸரில் "டக்" என்று கிளட்ச் பிடிக்கும் சத்தம் வரும், பத்து நிமிடத்தில் வண்டி குளிர்ந்திருக்க வேண்டும். "கேஸ் ஃபில் பண்ணா போதும்" என்ற பேச்சை நம்பி விலை பேசாதீர்கள். கேஸ் எங்கோ கசிந்ததால்தான் குறைந்தது; கசிவு கூலிங் காயிலில் இருந்தால் டேஷ்போர்டைக் கழற்றும் வேலை வரும்.

பாடியைப் பார்ப்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பாலிஷ் போட்ட வண்டி எல்லாமே பளபளக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது போல்ட்டுகளை. பானட்டைத் திறந்து, கீல்களிலும் முன் ஃபெண்டரிலும் இருக்கும் போல்ட் தலைகளைக் கிட்டத்தில் பாருங்கள். கம்பெனியில் பாடியோடு சேர்த்தே பெயிண்ட் அடித்திருப்பார்கள். ஸ்பானர் பட்டிருந்தால் முனைகளில் பெயிண்ட் உதிர்ந்து இரும்பு தெரியும். அந்தப் பகுதி கழற்றப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். ஒரு ஃபெண்டர் மாற்றியதில் தப்பில்லை, நகரத்தில் ஓடிய வண்டிக்கு அது சகஜம். ஏப்ரன் (பானட்டுக்குள் இன்ஜினின் இரு பக்கமும் உள்ள உட்தகடு), ரேடியேட்டரைத் தாங்கும் சட்டம், கதவுத் தூண்கள், டிக்கி அடித்தளம், இவை நான்கும் அடிபடாதிருக்க வேண்டும்.

அதற்கு ஒரு சோதனை. கதவைத் திறந்து, தூணைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங்கை விரலால் மெல்ல இழுங்கள், கையோடு வந்துவிடும், பிறகு அழுத்தினால் மாட்டிக்கொள்ளும். அதன் கீழே சின்னப் பொட்டு வைத்தது போல் வட்டக் குழிகள் ஒரே சீரான இடைவெளியில் வரிசையாகத் தெரிய வேண்டும். அதுதான் கம்பெனி ஸ்பாட் வெல்டிங். குழிகள் இல்லாமல் பட்டி பூசி வழவழவென்றிருந்தாலோ, வெல்டிங் கட்டியாக உருண்டிருந்தாலோ, அந்தத் தூண் வெட்டி ஒட்டப்பட்டது. அந்த வண்டி என்ன விலைக்கு வந்தாலும் வேண்டாம். அடுத்த விபத்தில் உள்ளே இருப்பவரைக் காப்பாற்ற வேண்டியது அந்தத் தூண்தான். வெளித்தகட்டுக்கு, மெல்லிய துணி சுற்றிய சிறு காந்தம் போதும். பட்டி கனமாகப் பூசிய இடத்தில் காந்தம் ஒட்டாது. பம்பரில் வைத்துப் பார்க்காதீர்கள், அது பிளாஸ்டிக்.

கண்ணாடிகளையும் படியுங்கள். ஒவ்வொன்றின் மூலையிலும் தயாரிப்பாளர் முத்திரையும் காலக் குறியீடும் இருக்கும். மற்றவையெல்லாம் ஒரே மாதிரி இருந்து ஒன்று மட்டும் மாறினால், அந்தப் பக்கத்தை இன்னொரு முறை நிதானமாகப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் உண்டு. 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். மீட்டர் 35,000 காட்டும் பத்து வருட வண்டியில் டயர் இரண்டாவது செட் என்றால் மீட்டரைக் குறைத்திருக்கிறார்களா என்று சந்தேகப்படலாம். வயதானதற்காகவும் டயர் மாற்றுவார்கள் என்பதால் இதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். பிரேக் பெடல் ரப்பர், ஸ்டியரிங்கின் வழவழப்பு, டிரைவர் சீட்டின் வெளி விளிம்பு மூன்றும் சேர்ந்து சொல்வதே நிஜ ஓட்டம். உரிமையாளரிடம் கம்பெனி சர்வீஸ் ஹிஸ்டரி வாங்கித் தரச் சொல்லுங்கள்; ஒவ்வொரு சர்வீஸின் கிலோமீட்டரும் அதில் இருக்கும்.

2015 டிசம்பரில் சென்னையும் கடலூரும் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னை, அதே மாதம் தூத்துக்குடியும் திருநெல்வேலியும். அந்த ஊர்களில் பதிவான வண்டிகளையெல்லாம் ஒதுக்க வேண்டியதில்லை, ஆனால் தண்ணீர் ஏறியதா என்று சோதிக்காமல் வாங்கக் கூடாது. சீட் பெல்ட்டை முழுவதும், கடைசி வரை உருவுங்கள். வழக்கமாகச் சுருண்டே இருக்கும் அந்தக் கடைசி முழத்தில் சேற்றுக் கோடு நிற்கும். சீட் நகரும் தண்டவாளத்தில் துரு, ஸ்டெப்னி குழியில் மண் படிவு, தரைவிரிப்புக்கு அடியில் ஈர வாடை, இவையும் அடையாளங்கள். வாசனைத் திரவியம் அளவுக்கு மீறி மணக்கும் வண்டியில் இந்தச் சோதனையை இரட்டிப்பாகச் செய்யுங்கள். கடலோர ஊர் வண்டிக்குத் தனிக் கவனம் வேண்டும்: கதவின் அடி விளிம்பு, ரன்னிங் போர்டு, பேட்டரி தட்டு.

ஓட்டிப் பார்க்கும்போது பாட்டை அணைத்து, கண்ணாடியை இறக்கி விடுங்கள். காலி இடத்தில் ஸ்டியரிங்கை முழுதும் ஒடித்து வட்டமடித்தால் "டக் டக்" சத்தம் வருகிறதா? சிவி ஜாயின்ட் (இன்ஜின் சக்தியை முன் சக்கரத்துக்குக் கடத்தும் இணைப்பு) தேய்ந்திருக்கிறது. ஹேண்ட் பிரேக் போட்டு, மூன்றாவது கியரில் கிளட்ச்சை மெதுவாக விட்டால் இன்ஜின் அணைய வேண்டும். அணையாமல் ஓடிக்கொண்டிருந்தால் கிளட்ச் ப்ளேட் வழுக்குகிறது. குண்டும் குழியுமான தெருவில் இருபது கிலோமீட்டர் வேகத்தில் போய்ப் பாருங்கள். லோயர் ஆர்ம் புஷ், ஷாக் அப்சார்பர் எல்லாம் சத்தத்திலேயே தெரிந்துவிடும். இவை விலையைக் குறைத்துப் பேச உதவும் குறைகள். விலை பேசும்போது "வண்டி சரியில்லை" என்று பொதுவாகச் சொல்லாமல் கிளட்ச் இவ்வளவு, நாலு டயர் இவ்வளவு என்று எழுதிக் காட்டினால் விற்பவரும் இறங்கி வருவார். உங்கள் மெக்கானிக்கைக் கூடவே கூட்டிப் போங்கள். அவருக்கு விற்பவரிடம் கமிஷன் போகாதிருக்க, அவர் கூலியை நீங்களே கொடுத்துவிடுங்கள்.

காகித வேலையில் ஒரு விதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆர்சியில் பெயர் இருப்பவரை நேரில் பார்க்காமல் பணம் தரக் கூடாது. முதலில் பரிவாகன் தளத்திலோ எம்பரிவாகன் செயலியிலோ வண்டி எண்ணைப் போட்டால் பதிவுத் தேதி, ஆர்சி கெடு, இன்சூரன்ஸ், எத்தனையாவது ஓனர், வண்டி மேல் லோன் பதிவாகியிருக்கிறதா எல்லாம் தெரியும். இ-சலான் தளத்தில் அபராதப் பாக்கியையும் பாருங்கள். லோன் முடிந்தும் ஆர்சியில் ஹைப்போதிகேஷன் (வண்டி கடனுக்கு ஈடாக இருப்பதாக உள்ள பதிவு) நீங்காத வண்டிகள் ஏராளம். அதை நீக்க வங்கியின் என்ஓசியும் (தடையில்லாச் சான்று) படிவம் 35-ம் வேண்டும். அதை முடித்துத் தரும் பொறுப்பை விற்பவரிடமே விடுங்கள்.

தனியார் காருக்குப் பதிவு 15 ஆண்டு. பிறகு எஃப்சி (வண்டியின் தகுதிச் சோதனை) காட்டி ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கலாம். 2022 ஏப்ரலில் அந்தப் புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாய் ஆனது. கூடவே பசுமை வரி, எஃப்சிக்காகச் செய்யும் டிங்கரிங், பெயிண்டிங் செலவு. மலிவாகக் கிடைக்கும் வண்டிகள் பல இந்தக் கெடு நெருங்கியதால்தான் விற்பனைக்கு வருகின்றன. நீங்கள் வாங்கும் வண்டிக்கு அந்தக் கெடுவுக்கு மூன்று ஆண்டாவது பாக்கி இருக்கட்டும். புதுச்சேரி, பெங்களூர் வண்டிகளின் விலை குறைவாகத் தெரிந்தால், என்ஓசி வாங்கி இங்கே மறுபதிவு செய்து தமிழ்நாட்டு வரி கட்டும் செலவையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள்.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வாங்குபவர் பெயரில்லாமல் வெறுமனே கையெழுத்துப் போட்ட படிவங்களோடு வண்டி இரண்டு மூன்று கை மாறி வருவது சந்தையில் நடக்கிறது. அப்படி வந்த வண்டியை வாங்காதீர்கள். நடுவில் ஆர்சிக்காரர் இறந்திருந்தால் படிவம் 31, வாரிசுச் சான்றிதழ் என்று வேறு வழியில் போக வேண்டியிருக்கும். விற்பவர்களுக்கும் இதில் ஆபத்துண்டு. விபத்து நடந்தால் ஆர்சியில் பெயர் இருப்பவரே உரிமையாளராகக் கருதப்படுவார் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இதை எடுத்துச் சொன்னால் விற்பவரே ஆர்டிஓ ஆபீசுக்கு உடன் வருவார்.

அட்வான்ஸ் ஆயிரம், இரண்டாயிரத்துக்கு மேல் வேண்டாம். மீதிப் பணத்தை ஆர்சிக்காரரின் வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள். வண்டி எடுக்கும்போது டெலிவரி நோட்டில் தேதியோடு மணியும் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். காலை பத்து மணிக்கு நடந்த விபத்துக்கும் மாலை நாலு மணிக்கு வண்டி எடுத்தவருக்கும் சம்பந்தமில்லை என்று காட்ட அந்த மணிதான் சாட்சி. இன்சூரன்ஸைப் பதினான்கு நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். பழைய ஓனரின் நோ கிளைம் போனஸ் (இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்கான பிரீமியம் தள்ளுபடி) உங்களுக்கு வராது, அந்த வித்தியாசத்தைக் கட்டச் சொல்வார்கள். புதிதாக எடுப்பதானால், 2022 ஜூனில் நிர்ணயித்த கட்டணப்படி 1000 சிசி வரையுள்ள காருக்குத் தேர்டு பார்ட்டி பிரீமியம் 2,094 ரூபாய், அதன் மேல் ஜிஎஸ்டி.

வண்டி வந்த முதல் வாரமே இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், பிளக், கூலன்ட், பிரேக் ஃப்ளூயிட் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். இந்தச் சின்ன இன்ஜின்களுக்குச் சுமார் 3 லிட்டர் ஆயில் போதும். பெல்ட் வண்டியென்றால் பெல்ட்டோடு டென்ஷனர் பேரிங்கையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். பெல்ட் புதிதாக இருந்தும் பழைய பேரிங் இறுகினால் அதுவே பெல்ட்டை அறுத்துவிடும். பெட்ரோல் ஹோஸ்களை விரலால் வளைத்துப் பாருங்கள். இப்போது பெட்ரோல் பங்குகளில் வரும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்காகச் செய்யப்பட்ட ரப்பர் அல்ல அவை. மேலே வெடிப்புத் தெரிந்தாலோ, பிசுபிசுவென்று இளகியிருந்தாலோ, அன்றே கிளிப்போடு சேர்த்து மாற்றிவிடுங்கள். விட்டுவைத்தால் சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் சொட்டும்.