வீட்டு வானிலைக் கருவியை விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓட்டிப் பார்த்த அனுபவம்

சேலையூரில் எங்கள் மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டியை ஒட்டி இரும்புக் குழாய் நட்டு வானிலைக் கருவி பொருத்தியிருக்கிறேன். மேலே காற்றுவேகமானி, திசைகாட்டி, மழைமானி. கீழே கூடத்தில், அவை அனுப்புவதை வாங்கிக் காட்டும் கன்சோல். பொருத்துவது ஒரு மத்தியான வேலைதான். அந்த கன்சோலில் இருப்பதைக் கணினியில் விடாமல் பதிவாக வைக்கத்தான் இரண்டு வடகிழக்குப் பருவமழைக் காலம் பிடித்தது. இதே மாதிரி யூஎஸ்பி கன்சோல் வைத்திருப்பவர்களுக்கு உதவும் என்று நடந்ததை எழுதுகிறேன்.

முதலில் விண்டோஸ் மடிக்கணினியில் குமுலஸ் என்ற வானிலைப் பதிவு மென்பொருளைப் போட்டேன். பகலெல்லாம் நன்றாக ஓடும். காலையில் எழுந்து பார்த்தால் இரவு ஏதோ ஒரு மணிக்கு நின்ற வெப்பநிலையே கோடாக நீண்டுகொண்டிருக்கும். சும்மா இருக்கும் யூஎஸ்பி போர்ட்டை விண்டோஸ் மின்சேமிப்புக்காகத் தூங்கவைப்பதுதான் காரணம். பவர் ஆப்ஷன்ஸில் யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை நிறுத்தினேன். அது மட்டும் போதவில்லை. டிவைஸ் மேனேஜரில் ஒவ்வொரு யூஎஸ்பி ஹப்பாகத் திறந்து, மின்சாரம் சேமிக்க இதை அணைக்கலாம் என்ற டிக்கையும் எடுக்க வேண்டியிருந்தது. தினமும் நின்றது, வாரத்துக்கு ஒருமுறை நிற்பதாகக் குறைந்தது. மிச்சமிருப்பதும் விண்டோஸின் வேலைதான் என்று முடிவு கட்டி, தம்பி வீட்டில் சும்மா கிடந்த 2012 மேக் மினியை வாங்கி வந்தேன்.

அதில் கன்சோலைத் திறக்கவே முடியவில்லை. இந்த கன்சோல் கணினியிடம் தன்னை ஒரு எச்ஐடி சாதனம் என்று சொல்லிக்கொள்கிறது. கீபோர்டு, மவுஸ் எல்லாம் சேர்ந்த இனம் அது. செருகியவுடனே மேக்கின் சொந்த டிரைவர் அதைப் பிடித்துக்கொள்ளும். யூஎஸ்பி சாதனங்களோடு நேரடியாகப் பேச உதவும் லிப்யூஎஸ்பி வழியாக வரும் மென்பொருளுக்கு விட்டுத்தராது. நிர்வாகி உரிமையோடு ஓட்டும் சூடோ கட்டளையைப் போட்டுப் பார்த்தும் அந்தப் பழைய மேக்கில் நடக்கவில்லை. அந்த டிரைவரைப் பிடுங்கப் பார்க்காமல், அதன் வழியாகவே பேசும் எச்ஐடிஏபிஐ என்ற மென்பொருள் நூலகம் ஒன்று இருக்கிறது. பைதானில் எழுதப்பட்ட பைடபிள்யூடபிள்யூஎஸ் என்ற வானிலை மென்பொருள் அதை ஏற்றுக்கொள்ளும். போட்டவுடன் எண்கள் வரிசையாக வந்து விழுந்தன. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

ஒன்பதாம் நாள் அதுவும் நின்றது.

கடைசியாக, லினக்ஸில் ஓடும் கையளவுக் கணினியான ராஸ்பெர்ரி பை 4. அதில் வீவெக்ஸ் என்ற வானிலை மென்பொருளை நிறுவினேன். செருகியிருக்கும் யூஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்யூஎஸ்பி கட்டளை கொடுத்தால் 1941:8021 என்ற அடையாள எண்ணோடு கன்சோல் தெரிகிறது, மென்பொருளோ அனுமதி இல்லை என்கிறது. சூடோவில் ஓட்டினால் படிக்கிறது. அப்படியென்றால் கேபிளிலோ டிரைவரிலோ கோளாறில்லை, என் பயனர் கணக்குக்கு அந்தச் சாதனத்தைத் திறக்க உரிமை இல்லை, அவ்வளவுதான். அந்த எண்ணுக்கு ஒரு யூடெவ் விதி, அதாவது சாதனத்தை யார் திறக்கலாம் என்று லினக்ஸுக்குச் சொல்லும் வரி, எழுதினால் சரியாகிவிடும். விதியை எழுதிய பிறகு கேபிளைக் கழற்றிச் செருக மறக்க வேண்டாம், ஏற்கெனவே செருகியிருக்கும் சாதனத்தின் உரிமை தானாக மாறாது. எப்போதும் ரூட்டாகவே, அதாவது முழு நிர்வாகி உரிமையோடே, ஓட்டிவிடலாம் என்று தோன்றும். இணையத்தோடு சேர்ந்திருக்கும் கணினியில் அதைச் செய்யாதீர்கள்.

பையிலும் இரண்டு வாரத்துக்குள் நின்றது. மூன்றிலும் நின்றபோதுதான் கணினியை விட்டுவிட்டு கன்சோலைக் கவனித்தேன். திரையில் வெப்பநிலை மாறிக்கொண்டே இருக்கிறது, யூஎஸ்பி மட்டும் உறைந்துவிட்டது. கேபிளைக் கழற்றி மாட்டினாலும் அசையவில்லை, பேட்டரிகளை எடுத்துப் போட்டால்தான் உயிர் வருகிறது. மாடியிலிருக்கும் சென்சார் 48 நொடிக்கு ஒருமுறை அளவுகளை அனுப்புகிறது. கன்சோல் அதை வாங்கும் நேரத்திலோ, தன் நினைவகத்தில் எழுதும் நேரத்திலோ கணினி குறுக்கே போய்ப் படித்தால் யூஎஸ்பி பூட்டிக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் பூட்டாது என்பதால்தான் இவ்வளவு நாள் பிடிபடவில்லை. வீவெக்ஸில் இந்த வகை கன்சோலுக்கான டிரைவர் பகுதியில் கன்சோலை எப்போது படிப்பது என்று சொல்லும் போலிங் மோட் என்பது, குறித்த இடைவெளியில் படிக்கும் பீரியாடிக் என்று இருந்தது. அதை அடாப்டிவ் என்று மாற்றினேன். சென்சார் எப்போது அனுப்புகிறது என்று கவனித்து, அந்த நேரத்தை விட்டுப் படிக்கும். குமுலஸிலும் பைடபிள்யூடபிள்யூஎஸ்ஸிலும் இதே வேலையைச் செய்யும் அமைப்புகள் இருந்திருக்கின்றன. முதல் நாளே தெரிந்திருந்தால் மேக்கும் பையும் தேவைப்பட்டிருக்காது.

அதற்கப்புறம் மாதக்கணக்கில் நிற்கவில்லை. ஆனால் பெரிய அடி 2024 நவம்பர் 30 அன்று, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த நாளில் விழுந்தது. மின்சாரம் போனது. கன்சோல் பேட்டரியில் ஓடுவதால் பயமில்லை. அதில் 4080 பதிவுகள் நிற்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒன்று என்றால் பதினான்கு நாள் தாங்கும். மின்சாரம் திரும்பியதும் வீவெக்ஸ் விட்டுப்போனதையெல்லாம் கன்சோலிலிருந்து எடுத்துக்கொள்ளும் என்று நம்பியிருந்தேன்.

எடுத்துக்கொண்டது, ஆனால் தவறான நேரத்தில். இந்த கன்சோலின் பதிவுகளில் தேதி கிடையாது. முந்தைய பதிவுக்கும் இதற்கும் எத்தனை நிமிடம் என்பது மட்டும்தான் இருக்கும். இப்போது மணி என்ன என்று கணினியைக் கேட்டு, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டுத்தான் மென்பொருள் நேரம் போடுகிறது. பை 4-இல் பேட்டரியோடு கூடிய கடிகாரம் கிடையாது. மின்சாரம் வந்ததும் பை எழுந்துவிட்டது, இணைய இணைப்பு வரவில்லை. அதனால் அது அணைந்தபோது இருந்த நேரத்தையே இப்போதைய நேரம் என்று எடுத்துக்கொண்டது. புயல் மழை முழுக்க, உண்மையில் பெய்ததற்குச் சில மணி நேரம் முன்பே பெய்ததாகப் பதிவானது. அந்த வருடத்தின் முக்கியமான மழை அது. பார்த்தபோது மனம் விட்டுப்போயிற்று.

நல்லவேளை, கன்சோலின் நினைவகத்தில் பதிவுகள் அப்படியே இருந்தன. பையின் நேரம் சரியான பிறகு, தரவுத்தளத்தில் அந்தத் தவறான வரிசைகளை நீக்கி, தினசரித் தொகுப்பை மறுபடி கட்டும் வீவெக்ஸின் வீசிடிஎல் கட்டளையைக் கொடுத்தேன். மீண்டும் இயக்கியதும் விட்டுப்போன பதிவுகள் சரியான நேரத்தோடு வந்து உட்கார்ந்தன. மறுநாளே டிஎஸ்3231 கடிகாரச் சில்லு ஒன்றை வாங்கிப் பையில் பொருத்தினேன். பட்டன் பேட்டரி போட்ட சின்னப் பலகை அது. நம் ஊர் மின்வெட்டுக்கு இதைக் கருவியோடு சேர்ந்த பாகமாகவே நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் மழைக் கணக்கு. எதிர்வீட்டு ஐயா ஓய்வு பெற்ற ஆசிரியர். கையால் அளக்கும் மழைமானி வைத்து, தினமும் காலை 8.30-க்கு நோட்டில் எழுதிவருகிறார். வானிலை ஆய்வுத் துறையும் ஒரு காலை 8.30-இலிருந்து மறுநாள் 8.30 வரைதான் ஒரு நாள் மழையாகக் கணக்கிடுகிறது. வீவெக்ஸுக்கு நாள் என்பது நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை. அதனால் இருவர் எண்ணும் ஒத்துப்போகவே இல்லை. தரவுத்தளத்திலிருந்து நானே கூட்டிப் பார்த்தால் 2.35 என்று வருகிறது. வீவெக்ஸ் வேறு சொல்லாவிட்டால் தரவுத்தளத்தில் மழையை அங்குலத்தில்தான் வைக்கும். 25.4-ஆல் பெருக்க வேண்டும். இன்னொன்று, ஒவ்வொரு பதிவிலும் இருப்பது அந்த ஐந்து நிமிடம் முடிந்த நேரம். ஆகவே 8.30 என்று குறித்த பதிவு முந்தைய நாளைச் சேர்ந்தது.

அத்தனையும் திருத்திக் கூட்டியபோது 59.7 மில்லிமீட்டர் வந்தது. மழைமானியின் வாளி 0.3 மில்லிமீட்டருக்கு ஒருமுறை கவிழும், 199 தடவை கவிழ்ந்திருக்கிறது. தாளில் குறித்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். ஐயா நோட்டைத் திருப்பிக் காட்டினார். 61.