1984-ஆம் ஆண்டுக் கிரயப் பத்திரம் தொலைந்தபோது

அப்பா 1984-இல் வாங்கிய மனையின் அசல் கிரயப் பத்திரத்தை, வங்கிக் கடனுக்காக வழக்கறிஞரிடம் காட்ட எடுத்துச் சென்ற நாளில், கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் சென்ற பேருந்தில் பையோடு தவறவிட்டேன். அது 2023 ஜூன் மாதம். பேருந்து நிலையத்திலும் பணிமனையிலும் இரண்டு நாள் அலைந்தும் பை கிடைக்கவில்லை. அப்பா இல்லாத வீட்டில் அம்மாவிடம் இதைச் சொல்ல எனக்கு மூன்றாம் நாள்தான் துணிவு வந்தது.

பத்திரம் தொலைந்தால் சொத்துரிமை தொலைந்துவிடாது என்பதை அன்று எனக்கு எடுத்துச் சொன்னவர் எங்கள் ஊர்ப் பத்திர எழுத்தர். பதிவான கிரயத்தின் நகல் சார்பதிவாளர் அலுவலகத்தின் 1-ஆம் புத்தகத்தில் இருக்கிறது. 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 57-ஆம் பிரிவின்படி கட்டணம் செலுத்திக் கேட்பவருக்கு அதன் சான்றிட்ட நகலைத் தருவார்கள். அசலில் என்ன எழுதியிருந்தது என்பதை மெய்ப்பிக்க அந்த நகல் சான்றாகவும் ஏற்கப்படும்.

எங்களிடம் இருந்ததோ முதல் இரண்டு பக்கங்களின் ஜெராக்ஸ் மட்டுமே. செக்குபந்தி, அதாவது மனையின் நான்கெல்லை விவரம், எழுதிய பக்கமும் அதில் இல்லை, ஆவண எண்ணும் வால்யூம் எண்ணும் முத்திரையோடு இருக்கும் பின்பக்கமும் இல்லை. பட்டாவிலிருந்து சர்வே எண்ணை எடுத்து, அந்தச் சொத்தின் மீது பதிவான ஆவணங்களைப் பட்டியலிடும் வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்த பிறகுதான் ஆவண எண் தெரிந்தது. எங்கள் மனை இப்போது வேறொரு சார்பதிவகத்தின் எல்லைக்குள் வருகிறது என்றாலும், 1984-இல் பதிவான பழைய அலுவலகத்தில்தான் நகலுக்கு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது.

காவல் நிலையத்துக்கு நான் முதலில் வெறும் ஜெராக்ஸோடு போனது தவறு. ஏறிய ஊரில் இறங்கிய ஊருக்குப் போகச் சொன்னார்கள், இறங்கிய ஊரில் ஏறிய ஊருக்குப் போகச் சொன்னார்கள். பை தொலைந்ததை நான் உணர்ந்த இடம் பேருந்து நிலையம் என்று மனுவில் தெளிவாக எழுதிக் கொடுத்த பின்னரே மனு ரசீது கிடைத்தது. பத்திரிகை விளம்பரத்துக்கும் ஆவண எண், சர்வே எண், நான்கெல்லை எல்லாம் வேண்டும். ஆகவே வில்லங்கச் சான்றையும் சான்றிட்ட நகலையும் முதலில் வாங்கிக்கொண்டு, அதன் பிறகே புகாருக்கும் விளம்பரத்துக்கும் போவதுதான் சரியான வரிசை என்று நான் உறுதியாகச் சொல்வேன். இதை அறியாமல் எனக்கு ஒரு மாதத்துக்கு மேல் வீணானது.

தமிழ் நாளிதழ் ஒன்றிலும் ஆங்கில நாளிதழ் ஒன்றிலும் விளம்பரம் கொடுத்தோம். நகல் கையில் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று அம்மா கேட்டார். அசல் பத்திரத்தை ஒப்படைத்தே அடமானம் வைக்கலாம் என்று சட்டம் அனுமதிப்பதால், நம்முடைய அசல் வேறெங்காவது ஈடாகக் கிடக்கிறதோ என்ற ஐயம் கடன் கொடுப்பவருக்கு எழுவது இயல்பு. அந்த ஐயத்துக்கான பதில்தான் விளம்பரமும், ‘தேடியும் கண்டுபிடிக்க இயலவில்லை’ என்று காவல் துறை தரும் சான்றும். அந்தச் சான்று வர நான்கு மாதம் ஆயிற்று.

அசல் இல்லாமல் சொத்தை விற்றுப் பதிவு செய்ய அந்தச் சான்றைக் கேட்ட, தமிழ்நாடு பதிவு விதிகளின் 55-ஏ விதி 2022 முதல் நடப்பில் இருந்தது. அதன் முதல் உட்பிரிவு செல்லாது என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விற்பதாக இருந்தால் அன்றைய நிலையைப் பத்திர எழுத்தரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் வாங்குபவரும் வங்கியும் எப்படியும் கேட்பார்கள் என்பதால், விதி எப்படியிருந்தாலும் சான்றை வாங்கி வைத்துக்கொள்வதே நல்லது.

நோட்டரி முன் நானும் அம்மாவும் கையெழுத்திட்ட உறுதிமொழிப் பத்திரத்தோடு எல்லாவற்றையும் வைத்த பிறகு வங்கி ஒப்புக்கொண்டது. சான்றிட்ட நகல் வீட்டுக்கு வந்த அன்று, அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நேராகச் செக்குபந்திக்குத்தான் போனார். “வடக்கே பொது வாய்க்கால்” என்ற வரியில் விரலை வைத்து, இப்போது தார்ச்சாலையாகிவிட்ட அந்த வாய்க்காலில்தான் வீடு கட்டத் தண்ணீர் எடுத்தோம் என்றார்.