"எந்த லைட் எரியுது?"

சத்துவாச்சாரியில் எங்கள் தெருவில் நெட் போனால் கேபிள்காரருக்கு முன்னால் எனக்குத்தான் போன் வரும். மோடத்தை, அதாவது வீட்டுக்கு நெட் கொண்டுவரும் பெட்டியைப் பார்க்கச் சொல்லி, நான் கேட்பது ஒன்றுதான்: "எந்த லைட்டு எரியுது, அக்கா?"

பவர் விளக்கே எரியாவிட்டால் அடாப்டரைப் பாருங்கள். டிஎஸ், அதாவது நம் வீட்டுக்கு வரும் பாதையின் விளக்கு, விட்டுவிட்டு மினுக்கினால், மோடம் வரவேண்டிய சிக்னலைத் தேடிக்கொண்டிருக்கிறது. அது நிலைத்த பிறகுதான் யுஎஸ், அதாவது நம் வீட்டிலிருந்து போகும் பாதை, மினுக்கும். இரண்டும் மினுக்குவதை நிறுத்தி நிலையாக எரிந்து, ஆன்லைன் விளக்கும் அசையாமல் எரிந்தால் சரி. டிஎஸ்ஸிலேயே மாட்டிக்கொண்டால், பின்னால் இருக்கும் கேபிள் திருகைக் கையாலேயே இறுக்குங்கள். மேல்வீட்டு அக்காவுக்கு முக்கால்வாசி நேரம் இதேதான். ஒட்டடை அடிக்கும்போது தளர்ந்துவிடும். டிவிக்குப் பிரிக்கும் ஸ்பிளிட்டரையும் ஒருமுறை பாருங்கள்.

ஆன்லைன் எரிந்தும் வாட்ஸ்அப் ஓடவில்லையா? கோளாறு பெரும்பாலும் வைஃபையில். லிங்க் விளக்கு படபடவென்று துடித்தால் பயப்படாதீர்கள், டேட்டா போய்வருகிறது.

அக்கா மோடத்துக்குப் பூத்துணி வேறு போர்த்தியிருக்கிறார். வேலூர் மே மாத வெயிலில் அதுக்கும் மூச்சு முட்டாதா?

ஃபைபர், அதாவது மெல்லிய இழை வழியே ஒளியாக நெட் வரும் வீடுகளில் எல்ஓஎஸ் என்று சிவப்பு எரிந்தால் ஒளியே வந்து சேரவில்லை. வயர் மடங்கியிருந்தால் மெதுவாக நீட்டிவிடுங்கள். முனையைக் கழற்றிக் கண்ணில் வைத்துப் பார்க்கவே கூடாது. மீதியைக் கேபிள்காரர் வந்து பார்க்கட்டும்.