சின்னம்மா மகனின் பேஜர்

ஜேர்மனியில் ஒரு கிராமத்தில் இருக்கிற சின்னம்மாவின் மகன், ஊர்த் தீயணைப்புப் படையில் சேர்ந்துவிட்டான். சம்பளம் கிடையாது. அங்கே முழுநேரப் படை பெரும்பாலும் பெரிய நகரங்களில்தான். மற்ற ஊர்களைப் பார்ப்பது தொண்டர்கள், நாடு முழுக்க ஏறக்குறைய 10 லட்சம் பேர். பேஜர் அடித்தால் கையில் இருக்கிற வேலையை அப்படியே விட்டுவிட்டு ஓட வேண்டும். முதலாளி மறிக்க முடியாது, அந்த நேரச் சம்பளத்தை வெட்டவும் முடியாது. சட்டம் அப்படி.

நெருப்பு மட்டுமில்லை. விபத்தில் நசுங்கிய காரை வெட்டித் திறப்பது, புயலில் விழுந்த மரம், வெள்ளம் புகுந்த நிலவறை, எல்லாம் இவர்கள் தலையில்தான். சிறுவர்களுக்குத் தனிப் பிரிவு. ஊர்க் கொண்டாட்டத்தில் சொசேஜ் சுடுவதும் இவர்களே! நம்மூர்ச் சனசமூக நிலையத்துக்கு ஒரு தண்ணீர் வண்டி கொடுத்த மாதிரி.

கொழும்பில் எங்களுக்கு மாநகர சபையின் முழுநேரப் படை இருக்கிறது, 110 அடித்தால் வருவார்கள். சரி, வெள்ளவத்தை ஒழுங்கைகளில் இரண்டு பக்கமும் வாகனம் நிற்கும்போது வண்டி எப்படி உள்ளே வரும்? எங்கள் தொடர்மாடியில் தீயணைப்புக் கருவியைப் பிடிக்கத் தெரிந்தவர் யார்? அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் கேட்கப் போகிறேன், பார்க்கிங் சண்டை முடிந்து நேரம் மிஞ்சினால்.